தலைக்கட்டில் பெயர் இல்லாதவர்

பழவேற்காடு ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி, கடல்நீர் ஏறி இறங்கும் வழியில் வலை கட்டினால் இறால் விழும். இரண்டு கூப்பிடு தூரம் தள்ளிக் கட்டினால் சேறும் பாசியும்தான். நல்ல இடம் ஒருவர் கைக்கே போய்விடாமல் இருக்க அங்கே ‘பாடு’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறை வைத்துக்கொண்டு, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை இறக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பிரித்துக்கொள்கின்றன. சீட்டுப் போட்டுத்தான் இடம் விழும். இன்று வளமான இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வறண்ட இடம். மீனவர் பேச்சில் அன்றைக்கு விழுந்த மீனுக்கும் பாடு என்றுதான் பெயர். ‘இன்னிக்குப் பாடு எப்படி?’ என்று கேட்டால் உரிமையைப் பற்றியா, கூடையைப் பற்றியா என்று வெளியூர்க்காரர் குழம்புவார்.

அந்த முறைக்குள் வர ஒரு நிபந்தனைதான். தலைக்கட்டுப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அந்த ஊர்க்காரராக, பட்டினவர் என்னும் மீனவச் சாதியினராக, கல்யாணமான ஆணாக இருந்தால்தான் தலைக்கட்டு. பெண்களுக்கு இல்லை. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளருக்கு இல்லை. ஏரியில் இறங்கும் தலித் மக்களுக்கும் இல்லை. ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபின் இதை வைத்து ஏரியில் நடந்த சண்டைகள் கொஞ்சமல்ல. பாடு முறையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தை மெல்லப் புரட்டிவிடுவார்கள்.

வெளிநாட்டு மாணவர் ஒருவர் ஒரு நாட்டின் நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்க முடியுமா? இந்தக் கேள்வியை ஏரிக்கரையிலிருந்து தொடங்க இரண்டு காரணங்கள் உண்டு. உலகில் எங்கே கேட்டாலும் அது கடைசியில் ஒரு பட்டியலில் போய் முட்டுகிறது. அந்த முட்டலைப் பழவேற்காட்டில் வெறுங்கண்ணால் பார்க்கலாம். இன்னொரு காரணம், பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து, இங்குள்ள பள்ளியில் படித்து, இங்குள்ள கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டு மாணவர்கள். வெளிநாட்டு மாணவர் என்றதும் நம் மனத்தில் எழும் படம் விமான நிலையத்தில் பெட்டி தள்ளுகிறவர். இவர்கள் பொன்னேரி வழியாக மின்சார ரயிலில் வருகிறவர்கள்.

கும்மிடிப்பூண்டி முகாமில் 2005இல் பிறந்து, சென்னையில் அரசியல் அறிவியல் படித்து முடிக்கும் ஒரு மாணவியை மனத்தில் வைத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் அவளைப் போன்றவர்களைத் தேட அதிக தூரம் போக வேண்டாம்.

அவள் விரும்பும் வேலை என்ன? சட்டமன்றப் பயிற்சி என்றால் மேசை தட்டும் வேலையோ கோப்பு தூக்கும் வேலையோ அல்ல. உறுப்பினர் பேசப் போகும் பேச்சுக்குத் தகவல் திரட்டுவது, மசோதாவை வரிவரியாகப் படித்துக் குறிப்பு எழுதுவது, கேள்வி தயாரிப்பது. இதில் கேள்விதான் நுட்பமானது. மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்கு 20 கேள்வி, எழுத்து விடைக்கு 230 கேள்வி என்பது கணக்கு. பொதுவாகப் பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். எந்த அமைச்சகத்துக்கு என்பது தப்பினால் கேள்வி செத்துப்போகும்.

பழவேற்காட்டு முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். கோடையில் மணல் சேர்ந்து வாய் அடைத்துக்கொண்டால் படகு கடலுக்குப் போக முடியாது, கடல்நீர் ஏரிக்குள் வராது, இறாலும் வராது. இதைக் குறித்து ஒரு கேள்வி எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சிக்கல். மீன்வளம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆட்சிக் கடலுக்கு அப்பால் மீன்பிடிப்பது மத்தியப் பட்டியலில். கரையோரத்தில் எதைக் கட்டலாம், எதைத் தோண்டலாம் என்பதைச் சொல்வது 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அது மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம், ஆகவே வனத்துறையும் வரும். போதாக்குறைக்கு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், இப்போதைய திருப்பதி மாவட்டத்தில் கிடக்கிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு சட்டமன்றம், ஒரு நாடாளுமன்றம், மூன்று ஊர்க்கூட்டம். இதைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் அந்தப் பயிற்சி. இந்த வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது பாதி தெரிந்த பாடம்.

இந்தியாவில் இந்தப் பயிற்சிக்கு நன்கறியப்பட்ட வாசல் ‘லேம்ப்’ எனப்படும் ஃபெல்லோஷிப். 2005இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு 2010 முதல் இதை நடத்துகிறது. இளம் பட்டதாரி ஒருவர் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து பட்ஜெட் கூட்டத்தொடர் வரை இருந்து வேலை செய்வார். எந்தத் துறையில் பட்டம் பெற்றிருந்தாலும் சரி, வயது 25க்குள் இருக்க வேண்டும், இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். நம் மாணவி முதல் இரண்டிலும் தேறுவாள். மூன்றாவதில் நின்றுவிடுவாள்.

மாநில அளவில் கதை இன்னும் சுருக்கம். டெல்லி சட்டமன்றம் 2019இல் ஓர் ஆராய்ச்சி மையம் வைத்து இளைஞர்களை எடுத்தது. 2023 ஜூலையில் நிர்வாக உத்தரவு ஒன்றில் அவர்கள் பணி முடிந்துபோனது. தமிழ்நாட்டில் 2022இல் வந்த முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அது அரசுத் துறைகளோடு வேலை செய்வது, சட்டமன்றத்துக்குள் அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால் இந்திய நாடாளுமன்றத்தில் வெளிநாட்டவருக்கென்றே ‘பார்லிமென்டரி இன்டர்ன்ஷிப்’ என்ற பெயரில் ஒரு பயிற்சி நெடுங்காலமாக நடக்கிறது. முன்பு நாடாளுமன்ற ஆய்வுப் பயிற்சி நிலையம், இப்போது ‘பிரைட்’ என்று பெயர் மாறிய அமைப்பு அதை நடத்துகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் ‘ஐடெக்’ தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் செலவை ஏற்கிறது. வருகிறவர்கள் பிற நாட்டு நாடாளுமன்றங்களின் அலுவலர்கள். அவரவர் அரசு அனுப்பி வருகிறார்கள். இலங்கை நாடாளுமன்றச் செயலகத்து அலுவலர் ஒருவர் இந்த வழியில் டெல்லிக்கு வரலாம். கும்மிடிப்பூண்டியில் பிறந்தவளுக்கு வழி இல்லை, அவளை அனுப்பி வைக்க ஓர் அரசு இல்லை என்பதால். அயல்நாட்டவர் என்பதற்காக அவளைத் தள்ளுவதாக யாரும் நினைத்தால் அது பாதிதான். முழு அயல்நாட்டவராக அவள் இருந்திருந்தால் ஒருவேளை தேவலை.

குடியுரிமை ஏன் இல்லை என்பதை இரண்டு தேதிகளில் சொல்லிவிடலாம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை இன்னும் இறுகியது: ஒருவர் குடிமகனாகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் இந்த முதல் தேதியைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போய், கடவுச்சீட்டு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்திருந்தால் அந்த வழியும் இல்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றது. 2025இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்குத் தந்தது. சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பது ஆறுதல். ஆனால் அது குடியுரிமையாகாது. மாநில அரசு தன் கைக்கு எட்டியதைச் செய்தது. 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டமும் அதற்குள் 7,469 வீடுகளும் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டன. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. அந்த அறிவிப்பு வந்த அவைக்கு அவர்களில் ஒருவரும் வாக்களித்து யாரையும் அனுப்பியதில்லை.

சரி, வெளியே எப்படி?

வாஷிங்டனில் பொது விண்ணப்பம் என்று ஒன்று கிடையாது. கீழவையின் 435 உறுப்பினர்கள், செனட்டின் 100 பேர், ஒவ்வொரு அலுவலகமும் தனிக்கடை. அங்கே எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர், பயிற்சி தன் படிப்பின் பகுதி என்று பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுதி வாங்க வேண்டும். பெரும்பாலும் ஒரு கல்வியாண்டு முழுதாக முடிந்த பிறகே அது கிடைக்கும். அதைத் தாண்டினாலும் சம்பளம் என்னும் முள் நிற்கிறது. பயிற்சியாளருக்குக் காசே தராமல் பல காலம் ஓட்டிய அமெரிக்க நாடாளுமன்றம் 2018இல்தான் தனியே நிதி ஒதுக்கியது. கீழவை அலுவலகம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் என்று தொடங்கியது. வீட்டு வாடகை கட்ட அப்பன் காசு உள்ளவர்களே பயிற்சிக்கு வர முடிகிறது என்ற நெடுநாள் புகாருக்கு அது பதில். ஆனால் அமெரிக்க அரசுப் பணத்தை யாருக்குச் சம்பளமாகத் தரலாம் என்பதற்குத் தனிச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. குடிமக்களையும் வேறு சில வகையினரையும் தாண்டி அது போகாது. ஏழை அமெரிக்க மாணவருக்குத் திறந்த கதவுக்கு வெளியே, சம்பளமில்லா வரிசையில், வெளிநாட்டு மாணவர் தங்கிவிட்டார். விசாவில் படிக்க வந்தவர் அந்த அவைக்குள் போகவே முடியாது என்றும் இல்லை. சென்னையில் பிறந்து 1982இல் 16 வயதில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்குப் போன பிரமிளா ஜெயபால் 2017 ஜனவரியில் அங்கே உறுப்பினராகவே உட்கார்ந்தார். இடையில் 2000இல் வாங்கிய குடியுரிமையும் முப்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பும் இருக்கின்றன.

கனடாவின் நாடாளுமன்றப் பயிற்சித் திட்டம் 1970 முதல் நடக்கிறது. மரியாதையும் போட்டியும் மிகுந்தது. அது குடிமக்களையும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களையும் எடுக்கும். ஸ்கார்பரோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் அது, யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பு விசாவில் போன அவர் சித்தி மகளுக்கு மூடியிருக்கும். லண்டனில் பணம் கட்டிப் போகும் வாசல் ஒன்று இருந்தது. ஹன்ஸார்ட் சொசைட்டி பல ஆண்டுகள் நடத்திய திட்டத்தில் வெளிநாட்டு மாணவர்கள் கட்டணம் செலுத்திப் பாடமும் படித்தார்கள், வெஸ்ட்மின்ஸ்டர் வட்டாரத்தில் வேலையும் பழகினார்கள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகமும் நாடாளுமன்றப் பயிற்சியைப் பாடமாகவே வைத்திருக்கிறது. பாடம் என்று வந்துவிட்டால் விசாவின் வேலைநேர வரம்பு பெரிதாகக் குறுக்கே வராது. இந்த உபாயத்தை நம்மூர்ப் பல்கலைக்கழகங்கள் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டவருக்கென்றே கதவு செய்து வைத்திருப்பது ஜெர்மனி. அதன் நாடாளுமன்றம் 1986 முதல் நடத்தும் பன்னாட்டு உதவித்தொகைத் திட்டத்தில், பங்கேற்கும் நாடுகளின் முப்பது வயதுக்குட்பட்ட பட்டதாரிகள் ஐந்து மாதம் பெர்லினில் ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். உதவித்தொகையும் தங்குமிடமும் உண்டு. ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். உளவு பார்த்துவிடுவார்களே, விசுவாசம் இருக்காதே என்று மற்ற நாடுகள் சொல்லும் காரணங்களை எல்லாம் இந்த ஒரு திட்டம் ஏறக்குறைய நாற்பதாண்டாகப் பொய்யாக்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பார்ப்பது மொழி. நம் மாணவியின் மொழியோ, அவள் உட்கார விரும்பும் அவையின் மொழி.

ஆக, மறுப்புக்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: அரசுப் பணம் குடிமக்களுக்கே, பாதுகாப்பு, சட்டம் இயற்றுவது மக்களாட்சியில் குடிமக்களின் உரிமை. முதலாவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் தனியார் அறக்கட்டளையிலிருந்தும் வரலாம், படிப்பின் பகுதியாகப் பணமே இல்லாமலும் போகலாம். இரண்டாவது, முகாம்வாசி விஷயத்தில் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது. இந்தியாவில் அவர்களைப்போல் பதிவும் சோதனையும் காவல்துறை விசாரணையும் கண்டவர்கள் எத்தனை பேர்? மூன்றாவது வாதம்தான் கனமானது. அதைப் பழவேற்காட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பாடு முறையில் இரண்டு விஷயங்கள் கலக்காமல் இருக்கின்றன. பங்கு வேறு, பார்ப்பது வேறு. தலைக்கட்டு அல்லாதவருக்குப் பங்கு கிடையாது, கூட்டத்தில் சொல்லும் கிடையாது. ஆனால் அந்த ஏற்பாட்டைப் படிக்க வந்த வெளிநாட்டு ஆய்வாளர்களை ஏரிக்கரை விரட்டியதில்லை. சாரா கூல்தார்ட் என்ற பிரிட்டன் ஆய்வாளர், ஏரி மாறிவரும்போது பாடு உள்ளவரும் இல்லாதவரும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பழவேற்காட்டில் ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்டார். சோழமண்டலக் கரையின் மீனவப் பஞ்சாயத்துகள் எப்படிச் சட்டம் போடுகின்றன, வலைகளைத் தடை செய்கின்றன, அரசுச் சட்டத்தோடு எப்படி மோதுகின்றன என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் பாவிங்க் 2001இல் ஒரு நூலே எழுதினார். பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டித் தங்கள் சட்டத்தைக் கொண்டுவந்த டச்சுக்காரர்களின் நாட்டிலிருந்து ஒருவர், ஏறக்குறைய நானூறு ஆண்டு கழித்து நம் குப்பங்களின் சட்டத்தைக் கற்றுக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். என் கணக்கில் இந்தக் கரையில் நடந்த முதல்தரமான சட்டமியற்றும் பயிற்சி அதுதான். விண்ணப்பப் படிவம் மட்டும் கிடையாது. ஆய்வு விசா வேண்டியிருந்திருக்கும். அது டெல்லியின் நிபந்தனை, குப்பத்தினுடையது அல்ல.

பயிற்சியாளர் வாக்களிப்பதில்லை. அவர் எழுதிய கேள்வியை உறுப்பினர் கேட்டால்தான் அது கேள்வி. பங்குக்கு உரிய நிபந்தனையைப் பார்ப்பவர் மேல் சுமத்துவது, கரையில் நின்று வலை பார்ப்பவரிடம் தலைக்கட்டு வரி கேட்பது போன்றது. எல்லா வெளிநாட்டு மாணவர்களுக்கும் உடனே திற என்று நான் சொல்லவில்லை. லண்டனிலிருந்து வருபவருக்கு அவர் ஊரில் ஒரு நாடாளுமன்றம் இருக்கிறது. முகாமில் பிறந்தவருக்கு எங்குமே இல்லை. ஆகவே வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர் அவர்.

அதுவரை அவளுக்கு வேறென்ன வழி? தகவல் அறியும் உரிமையில் மனுப் போடலாமே என்று தோன்றும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு அந்த உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. கிராம சபை? வாக்காளர் பட்டியலில் உள்ளவர்தான் அதன் உறுப்பினர். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது, ஆறு முறையும் அவள் வேடிக்கை பார்க்கலாம். பொது விசாரணைகள் கொஞ்சம் இடம் தருகின்றன. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டத்தால் பாதிக்கப்படும் உள்ளூர் மக்கள் அதில் பேசலாம். எழுத்தில் கருத்து அனுப்பலாம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக 2021 ஜனவரியில் வைத்திருந்த விசாரணை தள்ளிப்போனபோது, பழவேற்காட்டுக் குப்பங்கள் எத்தனை நாள் அந்த அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தன என்பது அந்தப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும். கட்டுக்கட்டான ஆங்கிலம். அதைத் தமிழில் சுருக்கி, எந்தப் பக்கத்தில் ஏரி வருகிறது என்று குறித்துக் கொடுக்க ஆள் வேண்டும். 2020இல் புதிய மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு யாரும் குடியுரிமைச் சான்று கேட்கமாட்டார்கள். ஒரு கல்லூரி இதைப் பாடமாக்கி, மதிப்பெண் கொடுத்து, ஒரு பேராசிரியரைப் பொறுப்பாக்கினால் ஆஸ்திரேலியக்காரர்கள் செய்வதற்கு மிகவும் குறைவில்லாத பயிற்சி பொன்னேரியிலேயே கிடைத்துவிடும். பி.ஆர்.எஸ். தளத்தில் மசோதாக்களும் சுருக்கங்களும் யாருக்கும் திறந்தே இருக்கின்றன. சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடம் இருக்கிறது, அனுமதிச் சீட்டுக்கு ஓர் உறுப்பினர் மனம் வைத்தால்.

தலைக்கட்டுப் பட்டியல் கல்லில் வெட்டியது அல்ல. ஊரில் ஒரு பையனுக்குக் கல்யாணம் ஆனால் அவன் பெயர் ஏறுகிறது. அன்றிலிருந்து வரியும் உண்டு, முறையும் உண்டு. முகாமிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. குறித்த நாளில் வருவாய்த்துறை ஆள் வந்து பெயர் கூப்பிடுவார், கையெழுத்து வாங்குவார், யார் இருக்கிறார், யார் இல்லை என்று சரிபார்ப்பார். அன்றைக்குக் கல்லூரிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும். அந்தப் பட்டியலில் நம் மாணவியின் பெயர் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே ஏறிவிட்டது.